வெட்டி எடுத்த பசி

பசித்தது அவனுக்கு இல்லை. ஆனால் வயிறு உருண்டது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், மருந்து நெடியும் துவைத்து விரித்த போர்வையின் சோப்பு வாசனையும் கலந்து கிடந்த அறையில், கூரை விசிறியின் நிழல் சுவரைச் சுரண்டுவதைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடமுடா. தன் வயிற்றின் குரல் அவனுக்குத் தெரியும். பதினாறு வருடப் பழக்கம். குரல் அதேதான். ஆனால் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

இரைப்பையில் முக்கால் பாகத்தை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய்போலத் தைத்து அனுப்பியிருந்தார். "தையல் ஆறுற வரைக்கும் தண்ணி ஆகாரம்தான் தம்பி. கட்டியா ஏதாவது உள்ள போச்சுன்னா பிச்சுக்கும். அப்புறம் உசுரு என் கையில இல்ல." வெட்டியதை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "உனக்கெதுக்குப்பா இனிமே அது?" என்று சிரித்தார்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் அவனே கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஆபரேஷன். பள்ளியில் அவன் பெயர் லாரி. "லாரி வருது, ஒதுங்குங்கடா" என்பார்கள். அவனும் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுவான். சேர்ந்து சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

சூப்போடு வந்த அம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவள் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, கொலப்பட்டினி போட்டுட்டானுங்களே என் புள்ளைய!"

"அது நான் இல்லம்மா."

"வயிறு பொய் சொல்லுமாடா?"

கொஞ்ச நேரத்தில் தட்டில் சோறும் முட்டையும் வந்தன. "ஒரே வாய் கண்ணு. டாக்டர் வந்து எட்டிப் பாக்கவா போறாரு?" அம்மாவுக்குப் பாசம் காட்டத் தெரிந்த ஒரே இடம் தட்டு. வேண்டாம் என்றால் உதடு நடுங்கும்.

"வெச்சிட்டுப் போம்மா. அப்புறமா சாப்பிடுறேன்."

எழுந்து போய்க் கொட்டத் தையல் விடாது. வாசனையைத் தாங்கவும் முடியவில்லை. தட்டைத் தரையில் இறக்கிக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

விடிந்தபோது தட்டு வெளியே இருந்தது. கழுவி வைத்ததுபோல.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் புள்ள சாப்பிட ஆரம்பிச்சிட்டான்" என்று சித்திக்குப் போன் போட்டாள். அவன் மருத்துவமனைக்குப் போன் போட்டான். "வயித்துச் சத்தம் வெளியில கேக்குதா?" என்றாள் நர்ஸ். "புது வயிறுப்பா, பழகணும். தண்ணிய சின்னச் சின்ன மடக்கா குடி."

அடுத்தடுத்த தட்டுகளும் கீழேதான் போயின. ஒருநாள் தங்கச்சி வாசலில் நின்று முறைத்தாள்.

"நீ இளைச்சதும் உன் பழைய சட்டையில கூடாரம் போடலாம்னு இருந்தேன். முழுக்கோழிய முடிச்சிருக்கே!"

"நான் தொடவே இல்லடி."

"ஆமாமா. எலும்புகூட மிச்சம் இல்ல."

எலும்பு மிச்சமில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு வாடை வந்தது. புளித்த பால்போல, வாந்திக்கு முந்தைய நொடிபோல. மெத்தையின் அடிப்பக்கம் வெதுவெதுப்பானது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் கீழே யாரோ மூச்சு விட்டார்கள். நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு குறட்டையோடு பெரிதாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த மூச்சை அவன் அறிவான். அவனை விட்டுப் போயிருந்த மூச்சு.

அன்று தட்டைத் தள்ளவில்லை. மேஜையிலேயே ஆறிப்போக விட்டான்.

கடமுடா. கட்டில் அதிர்ந்தது. மெத்தை மெல்ல மேலெழும்பியது. இறங்கியது. விளிம்பில் தொங்கிய அவன் விரல்களில் ஈரம் பட்டது. நாக்கு. உப்புப் பார்ப்பதுபோல ஒரே ஒரு தடவல்.

"அம்மா!"

அம்மா ஓடிவந்தாள். பின்னாலேயே தங்கச்சி.

"நான் எதையும் சாப்பிடலம்மா. ஒரு பருக்கைகூட. எல்லாத்தையும் கீழ தள்ளிட்டேன். அங்க ஏதோ இருக்கு. வளந்துட்டே இருக்கு. சத்தியமா. என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடும்மா."

அம்மா முட்டி போட்டுக் குனிந்தாள். போர்வையின் தொங்கலை விலக்கினாள்.

அவள் அலறலுக்காக அவன் காத்திருந்தான்.

"ஐயையோ," என்றாள் அம்மா, குரல் தழுதழுக்க, கட்டிலுக்கு அடியில் பார்த்து. "இப்படி இளைச்சுப் போயிட்டியே கண்ணு!"

"அம்மா, நான் இங்க இருக்கேன்."

அவள் நிமிரவில்லை. மேஜையிலிருந்த தட்டை எட்டி எடுத்தாள். பிசைந்தாள். ஊட்டினாள். ஒரு வாய். இன்னொரு வாய். சின்ன வயதில் அவனை மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரை உள்ளே பார்த்துச் சொன்னாள்.

தட்டு காலியானது.

அம்மாவின் கை வெளியே வரவில்லை.

"கையை எடும்மா. அம்மா. எடும்மா!"

மணிக்கட்டு. முழங்கை. கீழே ஏதோ நிதானமாக மென்றது. தோள் வரை உள்ளே போயிருந்த அம்மாவின் முகம் தரையில் அழுந்தியிருந்தது. வலி இல்லை அதில். பிள்ளை வயிறாரச் சாப்பிடுவதைப் பார்க்கிற சிரிப்பு.

தங்கச்சியும் அதே சிரிப்போடு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினாள்.