நாற்பது ஜோடிச் செருப்பு

ஒற்றையடிப்பாதை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், முள்புதரின் நிழலில், விசேஷ வீட்டு வாசலைப் போலச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஆண், பெண், குழந்தை என்று நாற்பது ஜோடியாவது இருக்கும். கடற்கரையில்தான் ஈ, காக்கை இல்லை.

"பாத்தியா! சொன்னேன்ல? ஒரு ஆள் கிடையாது!" என்று அவள் கணவன் இரண்டு கையையும் விரித்தான்.

அவன் பஸ் கண்டக்டர். பதினாறு வருஷமாக அடுத்தவர் வியர்வையில் குளித்து, அடுத்தவர் முழங்கையில் இடிபட்டு, வீட்டுக்கு வந்ததும் பெற்ற மகளைக்கூட "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டவன். ஒரு வாரம் லீவு போட்டுக் கடலோரம் வந்தும் போன கரையெல்லாம் கூட்டம். மூன்று நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், இன்று காலை போனில் வரைபடத்தைத் தேய்த்துத் தேய்த்து, பெயரே போடாமல் வெள்ளைக் கோடாகத் தெரிந்த இந்தக் கரையைக் கண்டுபிடித்தான். அரை மணி நேரம் முள்ளுக்குள் நடக்க வைத்ததற்கு அவனுக்குத் துளியும் வருத்தமில்லை.

"அப்போ இதெல்லாம் யார் செருப்புங்க?"

"யாரோ விட்டுட்டுப் போயிருப்பாங்க. ஊருக்கு வந்தும் கடை ஞாபகமா உனக்கு?"

அவள் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். பதினோரு வருஷமாக வருகிறவர் போகிறவர் காலடியில் குந்தியே குதிகாலில் வலி வந்துவிட்டது. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் தன்னுடைய தடித்த செருப்பைக் கழற்றவில்லை.

கணவன் கழற்றினான். யாரும் சொல்லவில்லை. நாலு பேர் செருப்பு கிடக்கிற இடத்தைப் பார்த்தால் நம் கால் தானாகக் கழற்றிவிடும், அப்படியே வளர்ந்துவிட்டோம். வீட்டில் எல்லோரும் வாண்டு என்று கூப்பிடுகிற ஏழு வயது மகளும் தன் மஞ்சள் செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் அப்பாவின் பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் ஒட்டி நேராக வைத்தாள். அம்மா பழக்கியது. பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இருவரும் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். அவள் நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பிற்பகல் வெயிலில் கடல் தகரம் மாதிரிக் கண்ணைக் கூச வைத்தது. அலை எழும்பி, மடங்கி, கரையேறித் திரும்பியது. ஆனால் அந்தச் சத்தம் எங்கோ நாலு சுவர் தாண்டி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது போல இருந்தது. உப்பு வாடையும் இல்லை. வந்தது வேறு வாடை. ரப்பரும் தோலும் கால் வியர்வையும் கலந்த புழுக்கம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடைதான் அது. பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம், நிற்க இடமில்லாமல் ஆட்கள் நெருக்கியடிக்கும்போது கடைக்குள் இப்படித்தான் அடிக்கும்.

கை சும்மா இருக்கவில்லை. தொழில் புத்தி. பக்கத்தில் கிடந்த பழைய செருப்பு ஒன்றை எடுத்தாள். வார் வெயிலில் வெடித்து, சாயம் போய், எத்தனையோ வருஷத்தது. ஆனால் குதிகால் பதிகிற குழியில் ஒரு மணல் துகள் இல்லை. இந்தக் காற்றுக்கு ஒரு நாளில் மூடியிருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டாள்.

சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை, அது நிழலில் கிடந்த செருப்பு. வாடிக்கையாளர் இப்போதுதான் காலை உருவியிருந்தால் இருக்கிற சூடு. ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் கையில் வாங்குகிற சூடு. கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தொட்டாள். அதுவும் சூடு. அதற்கடுத்தது ஈரம்.

வரிசையின் நடுவில் ஒரு குழந்தைச் செருப்பு. குதிகாலில் விளக்கு வைத்த ரகம். கால் வைத்து அழுத்தினால்தான் எரியும். அவள் ஆயிரம் ஜோடி விற்றிருப்பாள்.

அது எரிந்தது. சிவப்பாக. அணைந்தது. மறுபடி எரிந்தது. நின்று நின்று சலித்த பிள்ளை குதிகாலைத் தட்டுவது மாதிரி.

அவள் எழுந்துவிட்டாள். "ஏங்க! வாங்க, போலாம்! வாண்டு, வாடா!"

கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அவன் கையை ஆட்டினான். "அஞ்சு நிமிஷம்! இப்பதானே வந்தோம்!"

"சொன்னா கேளுங்க! இந்த இடம் சரியில்ல!"

அவன் சிரிப்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. அப்போதுதான் மணலைப் பார்த்தாள். வரிசையிலிருந்து தண்ணீர் வரை அப்பாவும் மகளும் ஓடிய தடம் இரண்டு போயிருந்தது. இப்போது பாதிதான் இருந்தது. தண்ணீர் ஓரத்திலிருந்து ஒவ்வொரு தடமாக மூடிக்கொண்டு வந்தது. அங்கே அலை எட்டவில்லை. காய்ந்த மணல். பெரிய தடம். சின்னத் தடம். பெரிய தடம். கடைசித் தடமும் மூடியது.

நிமிர்ந்தாள்.

கடல். வெறும் கடல்.

ஓடினாள். கால் புதையப் புதைய, வலி உச்சந்தலை வரை ஏற, தண்ணீர் ஓரம் வரை ஓடி, இடுப்பளவு இறங்கித் துழாவினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது. ஒரு குமிழிகூட இல்லை.

பின்னால் சத்தம். சளக். ஈரச் செருப்பின் சத்தம்.

வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். வரிசையின் கடைசியில் மஞ்சள் செருப்பு அவள் வாண்டு வைத்தபடியே இருந்தது. ஆனால் அழுந்தியிருந்தது. ஐந்து சின்ன விரல் பதிகிற இடத்தில் ரப்பர் பள்ளமாகியிருந்தது. மேலே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முழங்காலிட்டாள். கையை நீட்டினாள்.

ஈரத் தலைமுடி. நெற்றி. காது. காதில் தோடு.

"அம்மா."

"கண்ணு... அம்மா இங்கதான்டா இருக்கேன். பிடிச்சிக்கோ. அம்மா கையைக் கெட்டியாப் பிடிச்சிக்கோ."

பனிக்கட்டி மாதிரி ஒரு சின்னக் கை அவள் கைக்குள் வந்தது.

"அம்மா, இங்க ரொம்பக் கூட்டமா இருக்கும்மா. மூச்சு முட்டுது."

அவள் இழுத்தாள். பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கை வந்தது. பிள்ளை வரவில்லை. நாலாபுறமும் நெரிந்து நிற்பவர்களுக்கு நடுவிலிருந்து இழுப்பது போல இருந்தது.

சளக்.

வரிசை கலைந்தது. ஒரு ஜோடி அவள் பக்கம் திரும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. தங்களைத் தொட்டு உணர்கிற ஆள் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டார்கள். வெடித்த வார், அறுந்த வார், குதிகால் விளக்கு, எல்லாம் முன்னால் நகர்ந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் பழுப்புச் செருப்பு ஒன்று இடமும் வலமும் தவித்தது. நிற்க இடமில்லாத பஸ்ஸில் பதினாறு வருஷம் வழி பண்ணிக்கொண்டு போனவனுக்கு, ஒரு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை.

அவள் மணிக்கட்டில் ஒரு விரல் பட்டது. சின்ன விரல் இல்லை. பிறகு ஒரு முழுக் கை. முழங்கையில் இன்னொன்று. தோளில். கழுத்தில். எல்லாம் ஈரம். எல்லாம் இறுக்கம்.

"அம்மா, மிதிக்கிறாங்க."

கண்ணுக்கெட்டிய தூரம் மணல் காலியாகக் கிடந்தது. அவள் விடவில்லை. அவள் முழங்காலுக்கு முன்னால், ஒரு பெரிய தோல் செருப்பு மஞ்சள் செருப்பின் மேல் ஏறி நின்றது. அதன் மேல் இன்னொன்று ஏறியது.