முள் நிற்கவில்லை

"கார் தூங்கும்போது அதோட பெட்ரோலை யாருப்பா குடிக்கிறாங்க?"

லாகிக்கு அப்போது நாலு வயது. இரவெல்லாம் நின்ற பழைய கார் காலையில் கிளம்ப அடம்பிடித்தபோது, "ராத்திரியில குழாய்ல அழுத்தம் இறங்கிடுதும்மா" என்று அவள் அப்பா பௌலோ சொல்ல, அவள் கேட்ட கேள்வி அது. பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பௌலோவின் அண்ணன் பிலிப்போ தலைநிமிராமல், "நாந்தான் குடிக்கிறேன். உங்கப்பன் எனக்கு ஒரு கேன் பாக்கி வெச்சிருக்கான்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கி உண்மைதான். லாகி குறைமாதத்தில் பிறந்த அன்று, படகுக்கு வைத்திருந்த பெட்ரோலைப் பிலிப்போ காரில் ஊற்றி அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தான். பௌலோ அதை மறக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். போன வருஷம் பிலிப்போவின் படகு எரிபொருள் தீர்ந்து நடுக்கடலில் மிதந்தது. கண்டெடுத்தபோது அவன் உதடுகள் உப்பில் வெடித்திருந்தன. சவாய் தீவின் வழக்கப்படி வீட்டு முன்னாலேயே அடக்கம் செய்து சிமெண்ட் மேடை கட்டினார்கள். அண்ணன் தனியாகக் கிடக்க வேண்டாமே என்று பௌலோ காரை எப்போதும் மேடையை ஒட்டியே நிறுத்தினான்.

இன்று மாலை, ஈரப்பலா மரத்தின் நிழல் கார்மேல் நீண்டு, கடலிலிருந்து வந்த காற்றில் தேங்காய்ப்பால் கொதிக்கும் மணம் கலந்திருந்த வேளையில், பின்சீட்டுக்கு அடியிலிருந்து, என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் ரீங்காரமிடுவது பௌலோவுக்குக் கேட்டது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வீட்டுக்குள் லாகிக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகள் தெரிந்தன. ஊரின் மற்ற இரண்டு வண்டிகளும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். பௌலோவின் கார் என்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை.

காரின் முன்மூடியைத் திறந்து, என்ஜின்மேல் ஓடும் பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் முள் ஏறியது. அணைத்தால் அது ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை.

கோயில் வாசலில் தொங்கிய காலி கேஸ் சிலிண்டரை யாரோ இரும்பால் தட்டினார்கள். சாயங்கால ஜெபம். அது முடியும்வரை யாரும் வெளியே நடமாடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சாலையில் காவல் நின்ற தோலோ குரல் கொடுத்தான்.

"என்ன பௌலோ, மணி கேக்கலையா? காருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறியா?"

"லாகிக்கு மூச்சு முட்டுதுடா."

தோலோவின் சிரிப்பு நின்றது. "பக்கத்து ஊர்ல வண்டி கிடைக்குதான்னு பாக்குறேன்" என்று ஓடினான்.

வீடுவீடாக ஜெபப் பாட்டு எழுந்தது. பௌலோ தொட்டிக்குத் திரும்பிப் போகும் குழாயை இடுக்கியால் நசுக்கினான். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதென்றால் முள் இப்போது நிற்கும். முள் இறங்கியது. மறுபடி பம்பை ஓடவிட்டு, தொட்டியிலிருந்து வரும் குழாயையும் நசுக்கினான். பம்பின் வால்வு பழுதென்றால் இப்போதாவது நிற்கும். இறங்கியது. மிச்சம், என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள்; அவை ஒழுகினால் பிளக் நனைந்திருக்கும். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகக் கழற்றி முகர்ந்தான். எல்லாம் காய்ந்திருந்தன. காருக்கு அடியில் தடவினான். ஒரு சொட்டு ஈரமில்லை. பெட்ரோல் வாடையும் இல்லை.

கடல் வாடை.

இரண்டு பக்கமும் அடைத்த குழாயிலிருந்து எங்கே போகிறது?

முள்ளைப் பார்த்தான். ஒரு இறக்கம். நிற்கும். ஒரு இறக்கம். நிற்கும்.

மிடறு மிடறாக.

பாட்டு ஓய்ந்த இடைவெளியில் அந்தச் சத்தமும் கேட்டது. தொண்டைக்குள் இறங்கும் சத்தம். காரிலிருந்து அல்ல. மேடையிலிருந்து.

"பௌலோ, உதடு நீலமாகுது" என்று உள்ளேயிருந்து மனைவி தெலேசியா அழுதாள். "ஏதாவது பண்ணு."

பிளக்குகளை மாட்டி முடித்தான். வீட்டுப் பின்னால் ஒரு கேன் பெட்ரோல் இருந்தது. கார்த் தொட்டியில் இருப்பது பாதி வழிக்கும் காணாது. அந்தக் கேனை நம்பித்தான் ஆஸ்பத்திரி. எடுத்து வந்தான். காரருகே நின்றான். பிறகு மேடைப் பக்கம் திரும்பினான்.

சிமெண்டில் ஒரு வெடிப்பு. நேற்று இல்லாதது. அதன் ஓரங்களில் உப்பு.

மண்டியிட்டான். மூடியைத் திருகி எடுத்து, விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் இரண்டு கைகளாலும் கேனை வெடிப்பருகே வைத்தான்.

"அண்ணே. இது உன்னோடது. தாமதமாயிடுச்சு. புள்ளைய மட்டும் கொண்டுபோக விடு."

ஊர் முழுவதும் கண்மூடியிருந்தது. பார்த்தவர் யாருமில்லை.

கார் ரீங்காரமிட்டது. சாவி அவன் பையில்தான். முள் ஏறியது.

நின்றது.

இடுக்கிகளைப் பிடுங்கி, அழுத்தமானியைக் கழற்றி, முன்மூடியைச் சாத்தினான். முதல் திருப்பலிலேயே என்ஜின் பிடித்தது. தெலேசியா குழந்தையை அள்ளிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

"என்ன பழுது?"

"சரியாயிடுச்சு."

பெட்ரோல் மீட்டரைப் பார்த்தான். அடியில் கிடந்த முள் மேலே, நிறைந்த தொட்டியின் கோட்டில் நின்றது. அவனுக்கு அழுகை வந்தது. பின்னால் லாகியின் மூச்சு கீச்சிட்டது. கியரைப் போட்டான். சாலையில் ஏறும்போது, பார்க்கக் கூடாதென்று நினைத்தபடியே, கண்ணாடியில் பார்த்தான்.

பின்விளக்கின் சிவப்பில் மேடை. வெடிப்பிலிருந்து மேலே நீண்ட விரல்கள், உப்புப் பூத்து வெளுத்தவை, கேனின் கைப்பிடியைப் பற்றியிருந்தன. கேன் கவிழ்ந்து, அடிப்பாகம் வானத்தைப் பார்த்தபடி, கடைசிச் சொட்டுக்காக அசையாமல் நின்றது.