கட்டைவிரலில் கட்டிய தூண்டில்

தடாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே நைனா இரண்டு கொட்டாவி விட்டார். லோயிஸ் எண்ணிக்கொண்டே நடந்தாள். கடல்நீர் ஏறி இறங்கும் உப்பேரிக் கரைக்கு வந்து சேர்வதற்குள் பதினொரு கொட்டாவி ஆகிவிட்டது.

"தூக்கம் வருதா நைனா?"

"தூக்கமா? எனக்கா?" என்று கேட்டபோதே பன்னிரண்டாவதும் வந்தது.

லோயிஸின் நைனா ஜெபதாஸ், சர்வே ஆட்களோடு சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர். ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நடுவே எல்லை பிரித்துக்கொண்டிருந்த வருடம் அது. இருபது நாள் திருத்தணிப் பக்கம் முள்ளிலும் மேட்டிலும் அளந்துவிட்டு, நேற்று மாலைதான் வரதய்யபாளையத்துக்கு வந்திருந்தார். நாளை ஆராதனை முடிந்ததும் மறுபடி கிளம்ப வேண்டும்.

"கண்ணு எப்படிச் செவந்து கெடக்குது பாரு" என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். "இந்த ஒரு நாளாவது தூங்கக் கூடாதா?"

"கொடுவா மீன் புடிக்கக் கூட்டிக்கினு போறேன்னு புள்ளைக்குக் கடுதாசி போட்டுட்டேனே, கிரேஸ்."

அப்போது லோயிஸ் துள்ளிக் குதித்தாள். இப்போது நைனாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, ஏன் குதித்தோம் என்றிருந்தது.

அவள் படித்த கதைகளில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குத் தாடி இருக்கும், கப்பல் இருக்கும், தோளில் ஒரு கிளிகூட இருக்கும். நைனாவிடம் இருந்தது ஒரு தூண்டில் நூல், ஒரு சட்டியில் உயிருள்ள இறால், ஒரு துண்டுக் காகிதம். ஊர் ஏரியில் மண்புழு மாட்டிக் கெண்டை பிடித்ததைத் தவிர இருவருக்கும் ஒன்றும் தெரியாது. காகிதத்தில் இருந்தது, கூட வேலை செய்யும் எத்திராஜ் சொல்லிக் கொடுத்த பாடம்.

நைனா அதைப் படித்தார். "தூரமா வீசக் கூடாது. தண்ணி ஏறும்போது கொடுவா கரையோரமாத்தான் மேயும். தொபதொபன்னு நடக்கக் கூடாது. நூலு நுனியக் கால் கட்டவிரல்ல கட்டிக்கணும்."

"எதுக்குக் கட்டவிரல்ல?"

"மீன் இழுத்தா தெரியும்ல."

"கைல புடிச்சா தெரியாதா?"

"எத்திராஜ் பெரிய மீன்காரன். கேள்வி கேக்காத."

இறாலை முள்ளில் மாட்டி மெல்ல வீசினார். நூலைக் கால் கட்டைவிரலில் சுற்றி முடிச்சுப் போட்டார். உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பிறகு, "நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

லோயிஸ் அவருடைய கால்களைப் பார்த்தாள். குதிகால் முழுக்க வெடிப்பு. முள் குத்திய இடங்கள் கறுத்துக் கிடந்தன. அந்தக் கால் விரலில்தான் நூல் கட்டியிருந்தது. மீன் இழுத்தால் நைனா அலறிக்கொண்டு எழுவார். அப்புறம் எங்கே தூங்குவது?

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். நூலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. கண் சொக்கியது. ஒன்றும் கடிக்கவில்லை. இரண்டு தடவை இறாலை மாற்றினாள். மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறி, படகு கட்டும் மரமுளையின் அடியை நனைத்தது.

திடீரென்று நூல் விருட்டென்று ஓடியது!

'நைனா!' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். நூல் உள்ளங்கையை அறுத்தது. இரண்டு அடி வழுக்கிக்கொண்டு போனாள். தன்னால் இழுக்க முடியாது என்று தெரிந்தது.

பக்கத்தில் முளை இருந்தது. சட்டென்று நூலை அதில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். இப்போது மீன் முளையோடு மல்லுக்கட்டியது. அது வேகமாக இழுத்தபோது நூலைக் கொஞ்சம் விட்டாள். ஓய்ந்தபோது சுருட்டினாள். தண்ணீருக்கு மேலே வெள்ளியாய் ஒரு மீன் துள்ளித் தலையை உதறியது. கொடுவா!

பின்னாலிருந்து குரல் வந்தது. "சங்கிலி தொங்குது பாரு... இறுக்கிப் புடி, எத்திராஜு."

லோயிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். நைனாவின் கண்கள் மூடியே இருந்தன. கனவிலும் நிலம் அளக்கிறார்!

"புடிச்சிக்கினுதான் இருக்கேன்" என்று கிசுகிசுத்தாள். உண்மையிலேயே நூல் தொங்கிப்போயிருந்தது. அவசரமாகச் சுருட்டினாள்.

விட்டாள், சுருட்டினாள், மறுபடி விட்டாள். தோள் வலித்தது. மீனும் களைத்தது, அவளும் களைத்தாள். யார் முதலில் விடுவது என்றுதான் பாக்கி. கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தது. செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும் என்று காகிதத்தில் இருந்தது. சோறு கட்டி வந்த துணியை நனைத்து, அதைக்கொண்டு மீனைப் பொத்தி, அணைத்துக்கொண்டு கரையேறினாள். அவள் கை நீளம் இருந்தது மீன்.

பிறகு அவளும் மணலில் விழுந்து கிடந்தாள்.

நிழல் நீண்டபோது நைனா விழித்தார். முதலில் கால் விரலைப் பார்த்தார்.

"ஐயையோ, நூலு எங்க?"

அப்புறம் மீனைப் பார்த்தார்.

"யாரு புடிச்சது?"

"நான்தான்."

"கூட யாரு?"

"அந்த முளை."

நைனா அவள் கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் சிவப்பாய் ஒரு கோடு. "என்னை ஏம்மா எழுப்பல? ஒரு குரல் குடுத்திருந்தா எழுந்திருப்பேனே."

"அதனாலதான் குடுக்கல."

நைனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதா?"

"ஆறு மணி பஸ்ஸு இருக்குது நைனா."

"அப்படின்னா..." அவர் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். "இன்னும் ஒரு அரை மணி தூங்கிக்கட்டா?"

"தூங்கு நைனா" என்றாள் லோயிஸ். சட்டியிலிருந்து ஓர் இறாலை எடுத்து, அவர் கண் மூடும் வரை காத்திருந்து, முள்ளில் மாட்டினாள்.