தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

மணிமாறன் ஒரு பெட்டியும் கம்பளியுமாக குவைத்தில் மங்காஃப் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அஸ்மத் பீவி வழிவிடாமல் நின்றாள். அவன் என்ன செய்வான் பாவம், தங்க இடம் தேடி வந்த பிள்ளை. அழைத்து வந்தவர் அவள் கணவர் கௌஸ் முகம்மது. சமையலறையை ஒட்டிய பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, அதில் ஓர் ஆளைத் தங்கவைப்பது அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற சங்கதிதான்.

"நைட் டூட்டிக்காரன். பகல்ல தூங்குவான். உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல," என்றார்.

போன குளிர்காலத்தில் மாயாண்டியை அழைத்து வந்தபோதும் இதையேதான் சொன்னார்.

மாயாண்டி அந்த அறையில்தான் செத்துப்போனான். வெயிலில் வளர்ந்த உடம்புக்குக் குவைத்துக் குளிர் லேசுப்பட்டதில்லை. பாவிமகன் தகரத் தட்டில் கரியை மூட்டி, ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்துவிட்டுப் படுத்தான். புகை ஆளை எடுத்துவிட்டது. கதவு வரை வந்து சுருண்டிருக்கிறான், தட்டக்கூடத் தெம்பில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அஸ்மத் பீவியும் சொன்னாள்.

கேட்டிருந்தது.

மகள்கள் பள்ளிக்கும் கணவர் கடைக்கும் கிளம்பியதும், அந்த அறைக் கதவைச் சமையலறைப் பக்கம் தாழ் போட்டுவிடுவாள். வேற்று ஆண்பிள்ளை; வீட்டில் அவள் தனி. தட்டினால் திறந்துவிடு என்று கணவர் சொல்லித்தான் வைத்திருந்தார். அன்று தட்டியபோது அவள் தலை நிறைய எண்ணெயும் நைட்டியுமாக நின்றாள். வெந்நீருக்குத்தான் தட்டுகிறான், தினமும் இதே ரோதனை, கொஞ்சம் பொறுக்கட்டும் என்று மிக்ஸியைப் போட்டாள். தேங்காய் அரைபட்டு முடிந்ததும் மறுபடி கேட்டது. இந்த முறை கதவின் அடியிலிருந்து, தரையோரமாக. அப்புறம் நின்றுவிட்டது. அவள் நிதானமாகக் குளித்துவிட்டு வந்து திறந்தாள்.

அதற்குப் பிறகு மிக்ஸி நின்றதும் வருகிற அமைதி அவளுக்கு ஆகாமல் போயிற்று. தேங்காய்ப்பாலை டின்னில் வாங்கிக்கொண்டாள்.

மணிமாறனுக்குக் கணவரை நச்சரித்து ஒரு ஹீட்டர் வாங்கவைத்தாள். கரி மட்டும் மூட்டாதே தம்பி என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். தாழ்ப்பாள் பக்கம் கையே கொண்டுபோகவில்லை.

ஆலங்கட்டி மழை பெய்த அன்று, தெருவே வெள்ளை வெளேரென்று கிடந்தது. பள்ளிக்குக் கிளம்பிய அஃபீஃபாவும் அஃப்னாவும் ஸ்நோ, ஸ்நோ என்று கையில் அள்ளிக்கொண்டே போனார்கள். கணவரும் போனார். சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஃபிரிட்ஜின் முனகலும் அடங்கி, வீடு வாயடைத்துக் கிடந்தது. அஸ்மத் பீவி சால்வையைப் போர்த்திக்கொண்டு கீரை ஆய்ந்தாள்.

முதலில் வாடைதான் வந்தது. கரி வாடை.

பிறகு தட்டல்.

கீரைத்தண்டு கையிலேயே நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

தாழ் போட்டிருந்தது.

அவள் போடவில்லை.

மறுபடி தட்டல். கதவின் அடியிலிருந்து, தரையோரமாக.

 கேட்காத மாதிரி உட்கார்ந்துவிடலாம், ஒருமுறை உட்கார்ந்தவள்தானே. அந்த நினைப்பே அவளை எழுப்பிவிட்டது. யா அல்லாஹ் என்று தாழை இழுத்தாள்.

கதவோரத்தில் யாருமில்லை. மணிமாறன் அந்தக் கோடியில் கட்டிலில் கம்பளிக்குள் கிடந்தான். ஹீட்டர் அணைந்ததும் அவன் மூட்டிய கரி தட்டில் சிவந்திருந்தது. கம்பளியோடு அவனைத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தைக் கூவி அழைத்தாள்.

பிழைத்துக்கொண்டான். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கௌஸ் முகம்மது மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அவளுக்கும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கினாற்போலிருந்தது. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

"நல்லவேளை நீ தட்டினே," என்றார் கணவர்.

மணிமாறன் தலையை அசைத்தான். "நான் தட்டல பாய். கைகால் எதுவும் அசையல. கதவோரமா ஒருத்தர் குந்தியிருந்து தட்டுனாரு."

"யாரு?"

"தெரியல. என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னாரு." அவன் குரல் இறங்கியது. "'அக்காவுக்கு நல்லாக் கேக்கும். திறக்கத்தான் மாட்டாக.'"

கௌஸ் முகம்மது மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.  காரில் பாதி வழி வந்தபின் கேட்டார்.

"அன்னைக்கு மாயாண்டி தட்டினானா, அஸ்மத்?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள். சொல்லிவிட்டால் இந்த மனிதர் இனி தன் முகத்தைப் பார்ப்பாரா என்ற பயம் முந்திக்கொண்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலங்க."

மறுநாள் காலையில் அவர் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றி எறிந்தார். கதவைச் சுவரோடு சுவராக அகலத் திறந்து வைத்தார். இனி அங்கே யாரும் தங்க வேண்டாமென்று கட்டிலையும் வெளியே எடுத்துவிட்டார். பிறகு கைகழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அஸ்மத் பீவி அவர் தட்டில் இடியாப்பம் வைக்கக் குனிந்தாள்.

திறந்து கிடந்த அந்தக் கதவில், தரையோரமாக, தட்டும் சத்தம்.

கௌஸ் முகம்மது தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

அவளுக்கு நன்றாகக் கேட்டது.