ராஜா தானாக உட்கார்ந்தார்

1970 ஆகஸ்டு 18, செவ்வாய்க்கிழமை. காலை 11.40.

செத்துப்போன ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

மருதங்கோட்டை ஜமீனில் அதுதான் வழக்கம். மன்னர் இறந்தால் படுக்கவைக்க மாட்டார்கள். பட்டுடுத்தி, வாளை மடியில் வைத்து அரியணையில் அமர்த்துவார்கள். குடிகள் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் தூக்குவார்கள். ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது, அரண்மனைக் கூரையில் பாதி ஓடு இல்லை, ஆனாலும் சாவு மட்டும் ராஜ சாவுதான். முரசைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கிழட்டுக் குதிரை ஒன்று சேணமில்லாமல் நின்றது. வாசலில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ராஜா போனால் ஊர் ஆண்கள் மீசையை எடுத்தாக வேண்டும்.

ஏட்டு கண்ணுசாமி தன் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஜெகபர் அலியின் பின்னால் வந்தார்.

"ஐயா, நமக்கு இது கிடையாதுல்ல?"

"நீங்க ராஜா குடியா, சர்க்கார் குடியா?"

"சர்க்கார்தாங்கய்யா."

"அப்ப மீசை பத்திரம். வாங்க."

ஜெகபர் அலிக்குச் சிரிக்கிற மனநிலை இல்லை. கேஸ் முடிந்துவிட்டது என்று காலை ஏழு மணிக்கே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ராஜா மாணிக்க ராயரின் கட்டிலருகே இருந்த பால் கிண்ணத்தில் அரைத்த அரளி விதை. பால் கொண்டுவந்தது குத்தகைக்காரன் வீரையன், சிவப்புக்கொடிச் சங்கத்துக்காரன். அவன் வேலியில் அரளி பூத்துக் கிடக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் அவனைப் பிடித்து லாக்கப்பில் போட்டாகிவிட்டது. கொலைக் குற்றம் நிரூபணமானால் தூக்கு.

ராஜ உடம்பில் கத்தி படக் கூடாது என்று பெரிய இடத்துச் சிபாரிசு வேறு. மாலை நான்கு மணிக்குச் சிதை. அதற்குப் பிறகு சந்தேகப்படச் சாம்பல்தான் மிஞ்சும்.

கூட்டம் வரிசையாக நகர்ந்தது. ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தூக்கி வெச்சதும் தானா உக்காந்தாராம். யாரும் முழங்காலை மடக்கக்கூட இல்லையாம். ராஜ ரத்தம்னா சும்மாவா?"

ஜெகபர் அலி தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிங்காசனத்தின் அருகே போனார். கும்பிடுகிறவரைப் போலக் குனிந்து பார்த்தார். சிங்காசனத்தின் கைகள் அகலமானவை, தட்டையானவை. ராஜாவின் கைகள் அவற்றின்மேல் படியவில்லை. விரல்கள் எதையோ பிடித்தாற்போல் வளைந்து, இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றன. இடைவெளியில் செவ்வந்தியை அடைத்திருந்தார்கள். பாதங்களில் கணுக்கால் வரை சந்தனம், சுவருக்குக் காரை பூசினாற்போல் கனமாக.

பகல் 12.05. நடைக்கூடம்.

காரியஸ்தர் தங்கையனுக்கு ஐம்பத்தைந்து வயது. மீசையை முதல் ஆளாக எடுத்திருந்தார். கண்கள் அழுது சிவந்திருந்தன.

"ராஜாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து ஒன்பது மணிக்குங்க. வீரையன் எட்டரைக்குப் பாலோட வந்தான். ராஜா கட்டில்ல உக்காந்து குடிச்சாங்க. படுத்தாங்க. நாந்தான் போர்வையைப் போத்திவிட்டேன். அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. வீரையன் கொன்னுட்டான், பாவி மவன்."

"வீரையனுக்கு என்ன கோபம்?"

"சங்கக் கூட்டத்துல சொன்னான் பாருங்க, இனிமே எவன் காலையும் கழுவ மாட்டேன்னு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கால் கழுவறதா?"

தங்கையன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "அது பழைய கதைங்க" என்று நகர்ந்துவிட்டார். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். ஆனால் எந்தக் குடத்துத் தண்ணீர் என்பது ஜெகபர் அலிக்கு இன்னும் தெரியவில்லை.

சுவரில் பழைய புகைப்படம் ஒன்று தொங்கியது. கீழே 1931 என்று எழுதியிருந்தது. இன்றைய ராஜாவின் தகப்பனார், இதே சிங்காசனத்தில், இதே கோலத்தில் செத்து உட்கார்ந்திருந்தார். நெற்றியிலும் மார்பிலும் சந்தனம். பாதங்கள் வெறுமை. எதிரே ஒரு விவசாயி முழங்காலிட்டுக் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் முடிங்க சார்." பின்னாலிருந்து குரல் வந்தது. ராஜாவின் தம்பி மகன் தியாகராசன், சென்னையில் வியாபாரம். "எரிச்சுட்டா நான் சாயங்கால ரயிலைப் பிடிச்சிடுவேன்."

"பெரியப்பா செத்ததுல அவ்வளவு துக்கமா?"

"சிங்காசனம், குதிரைன்னு இந்தக் கூத்தெல்லாம் எனக்குப் பிடிக்காது. அதுக்காகக் கொன்னுட்டேன்னு அர்த்தமா? நேத்துச் சாயங்காலம் நான் மாயவரத்துல சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துல இருந்தேன். இருநூறு பேரு சாட்சி. காலையில அஞ்சரைக்குத்தான் இங்க வந்தேன்."

பகல் 12.25. உள்கட்டு.

ராணி அமிர்தம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் ராணிகள் பிறர் எதிரில் அழக் கூடாது.

"ஆறு மணிக்கு நான்தான் போய்ப் பார்த்தேன். ஒருக்களிச்சு, காலை மடக்கி, குளிருக்குச் சுருண்ட பிள்ளை மாதிரி கிடந்தாங்க. முப்பது வருஷத்துல அவங்க மல்லாந்துதான் படுத்து நான் பார்த்திருக்கேன்."

"நேத்துச் சாயங்காலம் எங்க இருந்தாங்க?"

"கச்சேரி அறையில, ஜமீன் கணக்கு வழக்குப் பார்க்கற இடத்துல. ஆறு மணிக்குக் காப்பி போச்சு. தங்கையன் வாங்கிட்டுப் போனார். எனக்குச் சோமவார விரதம், பூசை அறையை விட்டு வரல."

"ஏதாவது கவலையா இருந்தாங்களா?"

"கவலை இல்ல, தெளிவா இருந்தாங்க. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பாதி நிலத்தைத் தங்கையனோட சொந்தக்காரங்க பேருல எழுதி வெச்சிருந்தாங்க. நாளைக்கு ஒரத்தநாடு தாலுகா ஆபீசுல குத்தகைப் பதிவு விசாரணை. நிலம் யாருது, உழுதது யாருன்னு நானே உண்மையைச் சொல்லிடறேன், வீரையனோட சேர்த்து நாப்பது குடும்பம் பிழைச்சுப் போகட்டும்னாங்க." அவர் குரல் அங்கேதான் ஒரு கணம் தடுமாறியது.

பகல் 12.40. கச்சேரி அறை.

பூட்டியிருந்தது. சாவி தங்கையன் இடுப்பில் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார், கொஞ்சம் தாமதமாக. மேசைக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி. அதன் கைகள் குறுகலானவை, முனையில் உருண்டைக் குமிழ். ஜெகபர் அலி அதில் உட்கார்ந்தார். அவர் விரல்கள் தாமாகக் குமிழைச் சுற்றி வளைந்தன. வளைந்த விரல்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணுசாமி, நேத்து வீரையன் எங்க இருந்தான்?"

கண்ணுசாமி தலையைச் சொறிந்தார். "வாய்க்கால் மடையை உடைச்சுட்டான்னு ஒரு புகாருங்கய்யா. நாலு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும் நம்ம ஸ்டேஷன் பெஞ்சுலதான் உக்கார வெச்சிருந்தேன்."

"புகார் குடுத்தது?"

"காரியஸ்தருங்கய்யா."

வாசலில் சத்தம் கேட்டது. வீரையன் மனைவி காளியம்மாள் இடுப்பில் மண்குடத்தோடு நின்றாள். காவலாட்கள் மறித்தார்கள். அவள் விடுவதாக இல்லை.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து ராஜா செத்தா காவேரித் தண்ணியால கால் கழுவறது எங்க குடும்பம். அதக் கழுவாம எப்படித் தூக்குவீங்க?"

"உன் புருஷன்தான் கழுவ மாட்டேன்னானே?" என்றார் தங்கையன்.

"அவரு உசுரோட இருக்கறவங்க காலைச் சொன்னாரு. கழுவாம எரிச்சா நாங்கதான் கொன்னோம்னு ஊரே சொல்லும். என் புள்ளைங்க இந்த ஊருல தலை நிமிந்து நடக்கணும். வுடுங்க!"

"கொலைகாரன் பொண்டாட்டி தீண்டக் கூடாது. இந்தத் தடவை அந்தச் சடங்கு வேண்டாம்." தங்கையன் கையை நீட்டி மறித்தார்.

நாவிதரின் கத்திகூட நின்றது.

"வழக்கத்துல ஒரு மயிரிழை பிசகக் கூடாதுன்னு மீசையை முதல்ல எடுத்தவர் நீங்க" என்றார் ஜெகபர் அலி மெதுவாக. "இதை மட்டும் ஏன் வேண்டாங்கறீங்க? அம்மா, உள்ள வாங்க. கழுவுங்க."

பகல் 1.10. சிங்காசனத்தின் முன்.

காளியம்மாள் முழங்காலிட்டாள். குடத்தைச் சாய்த்தாள். சந்தனம் கரைந்து, பால்போல் ஓடி, கல்தரையில் இறங்கியது. இரண்டாவது வார்ப்பில் கூட்டம் எட்டிப் பார்த்தது.

பாதங்கள் கருநீலமாக இருந்தன. இரண்டும், கணுக்கால் வரை, நாவல்பழ நிறத்தில்.

"சாபம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"சாபமில்ல, ரத்தம்" என்றார் ஜெகபர் அலி. "உயிர் போனா ரத்தம் ஓடாது. தண்ணி மாதிரி பள்ளத்துக்கு இறங்கி உறையும். மல்லாந்து செத்தா முதுகுல, ஒருக்களிச்சுச் செத்தா விலாவுல. பாதத்துல இறங்கணும்னா செத்தவர் பல மணி நேரம் உட்கார்ந்தே இருந்திருக்கணும். ஒன்பது மணிக்கு நீங்க போர்வை போத்திப் படுக்கவெச்ச மனுஷனுக்கு இது எப்படி வந்துச்சு, தங்கையன்?"

தங்கையன் ஓரடி பின்வாங்கினார்.

"ராஜா தானா உட்கார்ந்தார்னு ஊரே கையெடுத்துக் கும்பிடுது. தானா உட்காரல. உட்கார்ந்தபடியே விறைச்சுப் போயிருந்தார். காப்பியில எதைக் கலந்தீங்கன்னு டாக்டர் சொல்வார். கச்சேரி அறை நாற்காலியிலேயே உயிர் போச்சு. நீங்க அறையைப் பூட்டிட்டு, எட்டரைக்கு வந்த வீரையன்கிட்ட ராஜா தூங்கறார்னு சொல்லி, பாலை வாங்கிக்கிட்டு அனுப்பிட்டு, அதுல அரளியைக் கலந்தீங்க. வீடு அடங்கி, விடியறதுக்கு முன்னால தூக்கிட்டுப் போறப்ப உடம்பு நீளவே இல்ல. அதனால ஒருக்களிச்சுப் போட்டீங்க. கையைப் பாருங்க, இன்னும் பிரம்பு நாற்காலிக் குமிழைப் பிடிச்சிருக்கு. காலை மட்டும் மறைக்கணும், சந்தனத்தை அப்பிட்டீங்க. வீரையன் குடும்பம் கழுவினா சாயம் வெளுத்துடும். பழியை அவன்மேல போட்டா ரெண்டு காரியமும் முடிஞ்சுது."

"அவன்..." தங்கையனின் குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"அவனை நீங்களே காப்பாத்திட்டீங்க. ராஜா காப்பி குடிச்ச நேரத்துல, உங்க புகாரால, அவன் என் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தான்."

தங்கையன் தரையில் ஓடிய சந்தனத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷம் இந்த வீட்டைக் கட்டிக் காத்தேன். நாளைக்கு நாலு வார்த்தை சொன்னார்னா நான் நடுத்தெருவுல. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்று சிறுபிள்ளைபோல் அழுதார். அந்த அழுகையும் பொய்யில்லை, அதுதான் கஷ்டம்.

மாலை 4.00.

சிதை எரியவில்லை. ராஜாவின் உடம்பு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது, நீட்டிப் படுக்கவைக்க முடியாமல், ஜீப்பின் பின்னிருக்கையில் உட்கார்ந்தபடியே. வீரையனை அதே ஜீப்தான் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்தது. உதடு வீங்கியிருந்தது, மீசை மட்டும் அப்படியே இருந்தது. நாவிதர் அவனைப் பார்த்தார், பிறகு கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

காளியம்மாள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனருகே போய் நின்றாள்.

"நான் கழுவ மாட்டேன்னு சொல்லியிருந்தேனே" என்றான் வீரையன்.

"நீ சொன்ன. நான் சொல்லலியே" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

ராணி அமிர்தம் வாசல்வரை வந்தார். கணவன் இறந்தால் ஒரு வருஷம் நிலைப்படி தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு ராணிகளுக்கு விதித்த துக்கம். நிலைப்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு தாண்டி இறங்கினார்.

"வீரையா, நாளைக்கு விசாரணை எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்குங்கம்மா."

"வண்டி கட்டச் சொல்லு. அவங்க சொல்ல நினைச்சதை நான் வந்து சொல்றேன்."