அக்காவிடம் சொன்னவை

"அக்கா, கூரை முழுக்க ஓவியமாம்... ஆனா எனக்குத் தெரியறது ஒரு பின்மண்டை மட்டும்தான். முன்னால ஒரு ஒட்டகச்சிவிங்கி நிக்குது!"

கைபேசியைக் காதில் வைத்தபடி அவள் தாராளமாகவே பேசினாள். அந்நிய நகரின் பழைய வழிபாட்டுக் கூடத்தில், பல நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவே, தன் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

முன்னால் நின்ற நெட்டையன் சற்று விலகிக்கொண்டான். தற்செயல் என்று நினைத்தாள்.

அவள் கண் பரிசோதகர். நாள் முழுவதும் அந்நியர்களின் கண்களுக்குள் விளக்கடித்துப் பார்ப்பவள்; அவள் கண்களை அத்தனை அருகில் எவரும் பார்த்ததில்லை. புதிய கருவி ஒன்றைப் பழக வந்த பயிற்சி நேற்றோடு முடிந்திருந்தது. உடன் வந்தவர்கள் ஊர் திரும்பிவிட, அவளுக்கு மட்டும் நாளைக் காலை விமானத்தில்தான் இடம் கிடைத்தது. இடையில் ஒரு முழு நாள்... அதை, வேண்டிய இடத்தில் இறங்கி ஏறிக்கொள்ளும் சுற்றுலாப் பேருந்தில் கழிக்கத் தீர்மானித்திருந்தாள்.

அடுத்து அருங்காட்சியகம். அதே பேருந்திலிருந்து அவனும் இறங்கினான். கற்சிலைகளின் வரிசையில் அவன் திரும்பியபோதுதான் முகம் தெரிந்தது.

"அக்கா, அதே ஒட்டகச்சிவிங்கி! கண்ணு மட்டும்... மழை பெய்யப்போற மாதிரி இருக்கு. தூங்கி நாளாச்சு போல. பாவம், பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்ல. எனக்காவது நீ இருக்கே..."

காதோரம் கைபேசி அலறியது. அதுவரை பேசிக்கொண்டிருந்த அதே கைபேசி! திரையில் 'அக்கா' என்று ஒளிர்ந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எடுங்க. இது நிஜ அக்காவா இருக்கும்."

தமிழ்! அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எடுத்தாள்.

"பசங்களுக்கு சாக்லேட் மறந்துடாதேடி. அப்புறம் பேசறேன், அடுப்புல பால் இருக்கு," என்று அக்கா வைத்துவிட்டாள். அந்த உரையாடலில் அவள் பங்கு ஒரே ஒரு 'ம்'.

விறுவிறுவென்று வெளியேறினாள். வாசலில் மழை. கூரை போட்ட படிக்கட்டோடு நின்றாக வேண்டியிருந்தது. பின்னாலேயே அவன்.

"மன்னிச்சுடுங்க..."

"ஒட்டுக்கேட்டுட்டு மன்னிப்பு வேறயா? தமிழ் தெரியும்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா பேச்சை நிறுத்தியிருப்பீங்களே. நேர்ல தமிழ் கேட்டு மாசக்கணக்காச்சுங்க. ஒட்டகச்சிவிங்கின்னு நீங்க திட்டினதுகூட... இனிமையா இருந்துச்சு."

"கண்ணைப் பத்திச் சொன்னது?"

"அதுவும் காதுல விழுந்துச்சு. தூக்கம் கம்மிதான். சரியாச் சொன்னீங்க."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இங்கேயே வேலையா?"

"லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊர்ல பாதிக் கட்டடத்தோட லிஃப்ட் குழிக்குள்ள நின்னிருக்கேன். ஊரைச் சுத்திப் பார்க்கக் கிளம்பினது இன்னைக்குத்தான். அருங்காட்சியகத்துல இறங்கறதா இல்ல. நீங்க இறங்கினீங்க..."

பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். அக்காவோடுதான் பேசினேன், நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி ஏறிவிட்டால் போதும், மானம் தப்பிவிடும். இவனை இனி எங்கே பார்க்கப் போகிறாள்? பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவன் கண்களைப் பார்த்தாள். விளக்கு இல்லாமல், கருவி இல்லாமல்.

"பேச ஆளில்லாதது எனக்குத்தாங்க," என்றாள். "தனியா நடந்தா எல்லாரும் என்னையே பார்க்கற மாதிரி இருக்கும். அதான் சும்மா போனைக் காதுல வெச்சுப் பேசிக்கறது... ஊர்லயும் அப்படித்தான்."

இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. அவன் சிரிக்கவில்லை. பேருந்து கதவை மூடிக்கொண்டு, தேங்கிய நீரை வாரியடித்துவிட்டுப் போயிற்று.

"எப்போ கிளம்பறீங்க?"

"நாளைக்குக் காலையில."

அவன் மழையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க போனதுக்கப்புறம் நான் என்ன செய்யறதுன்னு இப்பவே கவலையா இருக்கு," என்றான் மெதுவாக. "பார்த்து அரைநாள்கூட ஆகல. பைத்தியக்காரத்தனம்தான்... ஆனா அதான் நிஜம்."

அவள் படியில் உட்கார்ந்தாள். பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள்.

"இன்னும் போகலையே..."