கீறல் விழுந்த பச்சைக்கல்

பவானி ஆற்றின் மேல் முழுநிலவு அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. மூங்கில் புதர்களுக்கிடையே வழிந்து வந்த நிலவொளி, வெண்ணங்கோட்டையின் நெடுமதிலை நனைத்து, நீர்வாசலின் இரும்புக் கதவைத் தொட்டு, மேல்மாடத்தில் வீணை கேட்டுக்கொண்டிருந்த இளவரசி அமுதநங்கையின் மார்பில் தொங்கிய பச்சைக்கல்லில் வந்து விளையாடியது. ஆனால் அன்புள்ள வாசகர்களே, இளவரசிக்கா வீணை கேட்கும் மனம்? வீணை வாசித்த பூவணியின் கழுத்தையே அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு பச்சைக்கல்!

இளவரசியின் கல்லை அளித்தவன் நீர்வாசல் காக்கும் படைத்தலைவன் கண்டன் பூதி. அக்கரையில் பகைவர் பாசறை அமைத்திருந்த அந்நாளில், கோட்டையின் உயிர் அவன் இடுப்புச் சாவியில் இருந்தது. இளவரசியின் உயிரோ அவனிடமே இருந்தது.

"பூவணி, அந்த மரகதத்தை உனக்கு யார் தந்தார்?"

மூன்று நாளுக்கு முன் கோட்டைக்கு வந்த அந்தப் பாடினி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பெயர் சொல்ல நாணமாயிருக்கிறது தேவி. நீர்வாசலில் நிற்பவரைக் கேளுங்கள்."

அடடா, அந்த நாணத்தைக் கண்டதும் இளவரசிக்கு வயிறு எரிந்த எரிச்சலை என்னவென்று சொல்வது! "கழற்று அதை!" என்று வாங்கி, கூந்தலின் இரும்பு ஊசியால் அழுத்திக் கீறினாள். கல்லில் சுவடே இல்லை. அசல் மரகதத்தில் ஊசி ஏறாது என்பதை அரண்மனைப் பெண் அறியாளா? பிறகு தன் கல்லைக் கீறினாள். வெள்ளையாய் ஒரு கோடு விழுந்தது.

அசல் அவளுக்கு, போலி எனக்கா!

"கண்டனை வரச் சொல்லுங்கள்!"

அவன் வந்து வணங்கி நிமிர்வதற்குள் கட்டளை பிறந்தது: "வாளைக் கழற்றும். சாவியையும் கொடும். பொய்யர் கையில் என் கோட்டை இருக்க வேண்டாம்!"

கண்டன் இரண்டையும் கொடுத்தான். வாங்கிய வேகத்தில் சாவியை அவள் விரிப்பின் மீது விட்டெறிந்தாள்.

"நான் செய்த பிழை என்ன தேவி?"

"மரகதம் என்று சொல்லி எனக்கு மட்டக் கல்லைக் கட்டிவிட்டீரே!"

"மரகதம் என்று நான் சொல்லவேயில்லை. 'எங்கள் மலைக்கல்' என்றேன். பாம்பு வரியோடிய கல், மெத்தென்ற கல். மூன்று மாதம் நானே மணலில் தேய்த்து, எண்ணெயிட்டு மெருகேற்றினேன். 'ஆகா, மரகதம்!' என்று தாங்கள் குதித்தபோது மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

"அப்படியானால் இவளுக்கு மட்டும் இது ஏது?" இளவரசி மரகதத்தை நீட்டினாள்.

கண்டன் அதைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. கல்லின் பின்புறம் சிறகு விரித்த கழுகு, பகையரசனின் இலச்சினை! "தேவி, இது பகையரசன் தன் ஒற்றர்களுக்கு அளிக்கும் பரிசு. எங்கே அந்தப் பெண்?"

விரிப்பில் வீணை மட்டும் கிடந்தது. சாவியைக் காணோம். கீழே இரும்புக் கதவு கிறீச்சிட்டது. சாவியைக் காட்டியவளை இளவரசியின் ஆள் என்றே காவலர் வழிவிட்டிருந்தார்கள். நிலவில் ஒரு பரிசல் அக்கரை நோக்கி விரைந்தது.

"ஐயோ, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேனே!" அமுதநங்கை அவன் வாளை எடுத்து நீட்டினாள். கண்களில் நீர் தளும்பியது. "அந்தச் சாவி திரும்பும்வரை இந்தக் கீறலை மெருகிட்டு மறைக்க மாட்டேன். இது என் மீது ஆணை."

"கதவுக்குப் பின்னால் பாறைகளை அடுக்கச் சொல்லுங்கள் தேவி. பரிசல் கரை சேருமுன் பிடித்துவிடுவேன்." கண்டன் ஆற்றில் குதிப்பதற்காக மதில்மேல் ஏறினான்.

"நில்லும்!" என்றாள் இளவரசி. "அவளை உயிரோடு கொண்டுவாரும். ஆனால் வழியில் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது!"